கணக்கில் வராத புத்தகங்கள்



இந்த இலக்கிய உரைத்தொடரில் பேசுமாறு என்னைக் கேட்டபோது, சங்கப் பாடல்களிலோ நவீன கவிதையிலோ ஒரு பொருளை நான் எடுத்துக்கொள்வேன் என்று அமைப்பாளர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். தமிழாசிரியனுக்கு அவை பழகிய பொருள்கள். இன்று நான் எடுத்துக்கொண்டதோ அவற்றிலும் எளியது. ஓராண்டில் இத்தனை நூல்களை வாசிப்பது என்று இலக்கு வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொண்டால் மர்மக் கதைகளும் குடும்பக் காதற் கதைகளும் அந்தக் கணக்கில் சேருமா? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை தேட வேண்டிய தேவை, மாணவன் ஒருவனிடத்தில் நான் செய்த பிழையினால் எனக்கு ஏற்பட்டது. ஆகவே பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் ஓர் இந்துக் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவன். ஆண்டுதோறும் ஒக்டோபரில் தேசிய வாசிப்பு மாதம் வரும். பேச்சுப் போட்டி வைப்போம். கட்டுரைப் போட்டி வைப்போம். வாசிப்பின் பெருமையைப் பதாகையில் எழுதி வாசலில் கட்டுவோம். நவம்பர் பிறந்ததும் பதாகையைக் கழற்றி மடித்து வைத்துவிடுவோம். இது எனக்கு உறுத்தலாகவே இருந்து வந்தது. சில ஆண்டுகளுக்கு முன்னர், முதலாந் தவணை தொடங்கியதும், தரம் 10 மாணவர்களுக்கு ஓர் இலக்கு வைத்தேன். ஆளுக்கு ஆண்டில் 24 நூல்கள்; அதாவது மாதம் இரண்டு. பெரிய அட்டையொன்றில் எல்லோருடைய பெயரையும் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டினேன். வாசித்த நூலொன்றுக்கு ஒரு கட்டம் நிறந்தீட்டப்படும்.

முதலாந் தவணை முடிவதற்குள் ஒரு மாணவனுடைய வரிசையில் 11 கட்டங்கள் நிறைந்திருந்தன. படிப்பில் நடுத்தரமானவன், வகுப்பில் வாய் திறவாதவன். வியந்துபோய் அவனுடைய பட்டியலை வாங்கிப் பார்த்தேன். அவற்றுள் ஏழு மர்ம நாவல்கள். பக்கத்து வீட்டு அண்ணன் வெளிநாடு போகும்போது விட்டுச்சென்ற பெட்டியிலிருந்து எடுத்ததாகச் சொன்னான். “இதெல்லாம் கணக்கில வராது தம்பி” என்று சொல்லிச் சிவப்புப் பேனையால் ஏழையும் வெட்டினேன். வகுப்பு சிரித்தது. 11 நான்காயிற்று.

அந்த நான்கு, ஆண்டு முடியும்வரை நான்காகவே இருந்தது.

அதே ஆண்டில் 24 கட்டங்களையும் நிரப்பிப் பரிசு பெற்ற மாணவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூல்களின் பின்னட்டைக் குறிப்புகளைப் பார்த்தே அவன் எழுதி வந்தான் என்பது பின்னரே எனக்குத் தெரிய வந்தது. அவனைக் குறைகூற மாட்டேன். நான் கேட்டது எண்ணிக்கை. அவன் எண்ணிக்கையைத் தந்தான். வாசித்தவனை நிறுத்தியதும், வாசியாதவனுக்குப் பரிசளித்ததும் நான் சுவரில் ஒட்டிய அட்டையே.

நேயர்களே, அந்த ஏழு நூல்களையும் வெட்டிய கை, ஒரு காலத்தில் அத்தகைய நூல்களையே பசியோடு புரட்டிய கை என்பதையும் இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் பத்து வயதுப் பையனாக இருந்தபோது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் திரியும் வைத்து, சில துளி எண்ணெய் விட்டு எரித்த விளக்குகளை எனது தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. அந்த வெளிச்சம் பாடப்புத்தகத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது. “கதைப்புத்தகத்தை வை, எண்ணெய் வீணாகுது” என்று அப்பா அதட்டுவார். ஆனால் கதைப்புத்தகங்கள் வீட்டுக்குள் வந்துகொண்டேயிருந்தன. தமிழகத்திலிருந்து புதியவை வருவது அரிதாகிவிட்டபடியால், பழையவையே மட்டை கழன்று, நூலால் தைக்கப்பட்டு, ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பயணம் செய்தன.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தபோது எனக்கு வயது பதினைந்து. தென்மராட்சியில் ஒரு பாடசாலை விறாந்தையில் ஏழெட்டுக் குடும்பங்களோடு தங்கியிருந்தோம். உடுப்புப் பையின் அடியில் அம்மா ஒரு மர்ம நாவலைக் கொண்டுவந்திருந்தா. முன்மட்டை இல்லை, ஆகவே பெயரும் தெரியாது, எழுதியவரும் தெரியாது. கடைசிப் பக்கங்களும் இல்லை. மாலை வேளைகளில் வெளிச்சம் மறையுமுன் அம்மா அதை உரத்து வாசிப்பா. விறாந்தையிலிருந்த பெண்களும் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருப்போம். தூரத்தில் செல் விழும் சத்தம் கேட்கும், ஒருகணம் வாசிப்பு நிற்கும், பிறகு தொடரும்.

கதை அறுந்துபோன இடத்தில் கொலையாளி யாரென்று தெரியவில்லை. அன்றிரவு விறாந்தை முழுவதும் விவாதம். வைத்தியர்தான் என்றா ஒரு மாமி. “இல்லையடி, அந்தாளுக்குக் கத்தியைப் பிடிக்கவே கை நடுங்குது, மூண்டாம் அதிகாரத்திலை சொல்லியிருக்கு” என்று மறுத்தா இன்னொரு ஆச்சி. எழுதத் தெரியாத ஆச்சி அவ. ஒரு பாத்திரத்தின் இயல்பை முன் அதிகாரத்திலுள்ள சான்றைக் கொண்டு நிறுவுவதுதான் திறனாய்வு என்று பல்கலைக்கழகத்தில் எனக்குப் பின்னாளில் கற்பித்தார்கள். நான் அதை முதலிற் கேட்டது அந்த விறாந்தையில். வீடு என்னவாயிற்றோ என்று ஏங்கிக் கொண்டிருந்த மனிதர்களுக்கு அந்த இரவில் வேறொரு கவலையை, தீர்க்கக்கூடிய ஒரு கவலையை, அந்த மட்டையில்லாத புத்தகம் கொடுத்தது.

பின்னர் நான் பட்டதாரியானேன், பயிற்றப்பட்ட ஆசிரியனானேன். பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ‘தமிழ் நாவல் இலக்கியம்’ என்ற நூலைப் படித்தேன். நாவலைச் சமூக வரலாற்றோடு பொருத்திப் பார்க்கும் அப்பார்வை எமது நாட்டு விமரிசனத்துக்குக் கிடைத்த பெரும் பேறு. வாசகனை மயக்கத்தில் ஆழ்த்திப் பணம் பண்ணும் எழுத்துக்கு எதிராக எமது விமரிசகர்கள் எழுப்பிய குரல் நியாயமானது என்பதையே இன்றும் கொள்கிறேன். ஒரே அச்சில் வார்த்த கதையை நூறுமுறை வாசிப்பவன் வாழ்க்கையையும் அந்த அச்சிலேயே பார்க்கத் தொடங்குவான். ஆனால், என்னைப் போன்றவர்கள் செய்த தவறு வேறு. விமரிசகர்கள் வாசித்துவிட்டுத் தள்ளினார்கள். நாங்கள் அட்டையைப் பார்த்தே தள்ளினோம்.

வரலாற்றை நோக்கினால் இந்த வேலி அவ்வளவு உறுதியானதன்று. ஈழத்தின் முதல் தமிழ் நாவல் எனப்படும் சித்திலெவ்வையின் ‘அசன்பேயுடைய கதை’ 1885இல் வெளிவந்தது. எகிப்திலே பிறந்து, குழந்தையாகவே கடத்தப்பட்டு, அந்நிய தேசத்தில் வளர்ந்து, பல ஆபத்துகளைக் கடக்கும் ஓர் இளைஞனின் வீரதீரக் கதை அது. எமது நாவல் வரலாறு தொடங்குவதே ஒரு விறுவிறுப்பான கதையோடுதான். தமிழகத்தில் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் துப்பறியும் கதைகளைக் கொடுத்து, உரைநடை வாசிக்கும் பெருங்கூட்டமொன்றை உருவாக்கினர். அக்கூட்டம் இருந்தபடியால்தான் பின்னே வந்தவர்களுக்கு வாசகர்கள் கிடைத்தார்கள்.

எழுபதுகளை நினைத்துப் பாருங்கள். தமிழகச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட அந்நாள்களில் வீரகேசரிப் பிரசுரங்கள் மலிவு விலையில் நாடெங்கும் பரவின. பிரயாணத்தில் வாசிக்கவும் ஓய்வு நேரத்தில் வாசிக்கவும் மக்கள் வாங்கிய நூல்கள் அவை. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ம், அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’யும் 1973இல் அந்த வரிசையில்தான் வெளிவந்தன. ‘வாடைக்காற்று’ 1978இல் திரைப்படமாகவும் வந்தது. இன்று இவ்விரண்டையும் ஈழத்து நாவல் வரலாற்றில் வைத்துப் பேசுகிறோம். ‘ஆச்சி பயணம் போகிறாள்’ என்ற நகைச்சுவை நாவலை எழுதிய கையே ‘காட்டாறு’ போன்ற சமூக நாவலையும் எழுதியது என்பது மனங்கொள்ளத்தக்கது.

அப்படியானால் எல்லாம் ஒன்றுதானா என்று கேட்பீர்கள். இல்லை. இலேசான கதைகளுக்குள்ளும் தரம் உண்டு. அதைப் பிரித்துச் சொல்லவும் வேண்டும். நான் வாசித்த அளவில் எனது அபிப்பிராயங்களைச் சொல்கிறேன். உடன்படாதவர்கள் உடன்படாமலே கேட்கலாம்.

தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகளில் பாத்திரங்களுக்கு உள்ளம் என்று ஒன்று இருப்பதாகவே தெரியாது. சங்கர்லால் தேநீர் அருந்துவார், சிந்திப்பார், வெல்வார். ஆனால் அந்தத் தமிழைப் பாருங்கள். சின்னஞ்சிறு வாக்கியங்கள், பிழையற்ற நடை. எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை அதிலே தடக்கி விழாது. தூரதேசத்து நகரங்களின் பெயர்களைப் புவியியற் பாடத்துக்கு முன்னரே சங்கர்லாலிடம் அறிந்துகொண்டவர்கள் எம்மிற் பலர்.

ராஜேஷ்குமாரின் நாவல்களில் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரண்டு கதைகள் மாறி மாறி வந்து இறுதியில் ஒன்றாய்ச் சேரும். இந்த உத்தி வாசகனுடைய நினைவாற்றலுக்கு நல்ல பயிற்சி. குறை என்னவென்றால், சேரும் இடத்தில் அவசரம். இருநூறு முடிச்சுகள் போட்டவர் இரண்டு பக்கத்தில் அவிழ்க்கும்போது, அவிழ்ந்ததா அறுந்ததா என்று தெரிவதில்லை.

ரமணிசந்திரனின் கதைகளைப் பற்றிப் பேச ஆண்கள் வெட்கப்படுகிறோம். நான் ஐந்தாறு வாசித்திருக்கிறேன். வன்முறையில்லாத, ஆபாசமில்லாத ஒரு வீட்டுக்குள் வாசகியை அழைத்துச் செல்கிறார். நாள் முழுவதும் உழைத்துக் களைத்த பெண்ணுக்கு அது ஓர் இளைப்பாறுதல் என்பதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் பெண் பொறுத்துக்கொண்டால் செல்வமும் அன்பும் உள்ள கணவன் கடைசியில் திருந்துவான் என்ற நம்பிக்கையைத் திரும்பத் திரும்ப விதைப்பது எனக்கு அச்சந் தருகிறது. பொறுத்துக்கொண்டே வாழ்நாளைத் தொலைத்த பெண்களை நாம் எமது ஒழுங்கைகளிலேயே அறிவோம்.

சுஜாதா வேறு வகை. கணேஷும் வசந்தும் பேசிக்கொள்ளும் போது ஒரு வாக்கியமே ஆளைக் காட்டிவிடும். ‘கொலையுதிர் காலம்’ நடந்தது பேயின் வேலையா விஞ்ஞானத்தின் வேலையா என்ற ஐயத்தை முடிவிலும் நம்மிடமே விட்டுவிடுகிறது. வாசகனை அறிவாளியாக மதிக்கும் பொழுதுபோக்கு எழுத்து அது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, இலேசான கதையை அளக்க எனக்கு மூன்று கேள்விகள் போதும் என்று தோன்றுகிறது. தருவதாகச் சொன்னதைத் தந்ததா? அதன் தமிழ் என் காதைக் கெடுத்ததா, தீட்டியதா? முடித்த பின் எந்த மனிதரேனும் மனதில் நின்றாரா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது நல்ல நூல். இரண்டுக்கு ஆம் என்றால் ஒரு மாலைப்பொழுதைக் கொடுக்கலாம். ஒன்றுக்கும் இல்லையென்றால் பாதியில் மூடிவைப்பதில் பாவமில்லை.

இனி அந்த மாணவனிடம் வருகிறேன். அடுத்த ஆண்டு அவன் தரம் 11இலும் என்னிடமே வந்தான். நான் அட்டையைச் சுவரில் ஒட்டவில்லை. ஆளுக்கொரு கொப்பி கொடுத்தேன். எந்த நூலும் கணக்கில் வரும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி எழுத வேண்டும். பிடித்தது என்ன, நம்ப முடியாதது என்ன, இதை யாரிடம் வாசிக்கக் கொடுப்பாய்? கதைச்சுருக்கம் வேண்டாம். பின்னட்டையைப் பார்த்து இதற்கு விடை எழுத இயலாது. இன்னுமொரு நிபந்தனை: ஐந்து நூலுக்கு ஒன்று, இதுவரை கைவைக்காத தட்டிலிருந்து எடுக்கப்பட வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் கடைசிப் பாடவேளையில் விரும்பியவர்கள் தமது மூன்று வரியை வாசித்துக் காட்டலாம்.

அவனை அழைத்து, “போன வருசம் நான் கீறின சிவப்புக் கோடு என்ரை பிழை தம்பி” என்றேன். “பரவாயில்லை சேர்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஒரு மாதம் வரை கொப்பி வெறுமையாகவே கிடந்தது. காயம் ஆறுவதற்கு மன்னிப்பு மட்டும் போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகொரு நாள் கொப்பியில் மூன்று வரி இருந்தது. ஒரு மர்ம நாவலைப் பற்றியது. கொலையாளியைப் பாதியிலேயே தான் கண்டுபிடித்துவிட்டதாகவும், எழுதியவர் வாசகனைக் குறைவாக எடைபோட்டுவிட்டதாகவும், இதைத் தன் தம்பிக்குக் கொடுக்கலாம், தனக்கு இனிப் போதாது என்றும் எழுதியிருந்தான். நேயர்களே, நான் ஆண்டு முழுவதும் கற்பித்தாலும் இந்த வரியை அவனிடமிருந்து வரவழைத்திருக்க முடியாது. இலேசான நூல் போதாது என்று ஆசிரியன் சொல்லக்கூடாது. வாசகனே சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கு அவன் முதலில் அவற்றை வாசித்திருக்க வேண்டும்.

அவன் உடனே பேரிலக்கிய வாசகனாகிவிட்டான் என்று நான் கதை அளக்கப்போவதில்லை. ஐந்தாவது நூலாக ‘நிலக்கிளி’யை எடுத்தான், பாதியில் வைத்தான். “மெதுவாகப் போகுது சேர். ஆனா காடு வடிவாய்த் தெரியுது” என்றான். ஆண்டு முடிவில் 24க்கு அவன் தொட்டது 15. மூன்று மாதங்களின் பின் மிகுதிப் பாதியையும் வாசித்துவிட்டு வந்து சொன்னான். கணக்கில் சேர்க்கும்படி கேட்கவில்லை.

இலக்கு வைக்க விரும்பும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாளொன்றுக்கு 20 பக்கம் வாசித்தால் ஆண்டில் 7,300 பக்கம். 200 பக்க நூல்களாகக் கொண்டால் ஏறத்தாழ 36. இருபது பக்கத்துக்கு அரைமணி அல்லது முக்கால் மணி நேரம் போதும். நான் முன்பு வாரம் ஒன்று வீதம் 52 என்று இலக்கு வைத்து, மார்கழி மாதத்தில் எண்ணிக்கை காணாதபோது மெல்லிய நூல்களாகத் தேடித் தேடி எடுத்திருக்கிறேன். தடித்த நூலைக் கண்டால் கை பின்வாங்கியது. இலக்கு வாசிப்பைத் தின்னத் தொடங்கியதற்கு அது அடையாளம். ‘பொன்னியின் செல்வன்’ ஒரு நூலா, ஐந்து நூலா என்று ஒரு மாணவி வெள்ளிக்கிழமை வகுப்பில் கேட்டாள். அரைமணி நேரம் வாதாடினோம். ஐந்து பாகம், ஐந்து நூல் என்று தீர்ப்பளித்தேன். அதனால் அவளுக்கு அந்த நூலைத் தொடும் துணிவு வந்தது. எண்ணிக்கையின் பயன் அவ்வளவுதான். அது உள்ளே நுழைவதற்கான படலை, வளவு வேறு.

புத்தகத்தின் விலை இன்று சம்பளக்காரர்களையே தயங்க வைக்கிறது. 2022இல் பரீட்சைத் தாளுக்கே கடதாசி இல்லாமற் போனதைக் கண்டவர்கள் நாம். ஆகவே பிரதேச சபை நூலகத்தில் அங்கத்தவராகுங்கள். வாசித்த நூலைப் பூட்டி வைக்காமல் மூன்று வரி எழுதி உள்ளே செருகி அடுத்தவரிடம் கொடுங்கள். அந்தத் துண்டுக்காகவே அந்நூலை ஒருவர் திறக்கக்கூடும்.

இந்த ஆண்டு எனக்கு நான் வைத்திருக்கும் இலக்கு 36. அதில் 12 இலேசான கதைகள் என்று கொப்பியின் முதற் பக்கத்திலேயே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறேன். ஒளித்து வாசிக்கும் வயது போய்விட்டது.

அம்மாவுக்கு இப்போது கண்பார்வை மங்கிவிட்டது. இரவுச் சாப்பாட்டின் பின் நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். கடந்த கிழமை ஒரு மர்ம நாவலைத் தொடங்கினோம். பத்துப் பக்கம் போவதற்குள், “கொஞ்சம் நில். இது அந்த விறாந்தைக் கதை மாதிரி இருக்கு” என்றா. இல்லை, அது வேறு. மட்டையில்லாத அந்த நாவலின் பெயர் எங்களுக்கு இன்றுவரை தெரியாது. கொலையாளி யாரென்றும் தெரியாது. அம்மா இன்னும் வைத்தியரைத்தான் சந்தேகிக்கிறா. நான் ஆச்சியின் கட்சி.

உரத்து வாசிக்கும் நூல் வாசிப்பவன் கணக்கிலா, கேட்பவர் கணக்கிலா என்று அம்மாவிடம் கேட்டேன். “இரண்டு பேற்றை கணக்கிலையும் போடு” என்றா. போட்டிருக்கிறேன்.